அயல்வீட்டு அளவும் மின்சாரச் சிக்கனமும்

மனிதன் தன் வாழ்க்கைக்குரிய அளவுகளைப் பெரும்பாலும் நூல்களிலிருந்து கற்பதில்லை, அயலாரிடமிருந்தே கற்கின்றான். வேலியின் உயரம் எவ்வளவு, பந்தலின் அகலம் எவ்வளவு, விருந்தினர்க்கு இடுவது எவ்வளவு என்பனவற்றையெல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்தே வகுத்துக்கொள்கின்றான். இவ்வியல்பு பலவேளைகளில் வீண்செலவுக்குக் காரணமாவதை எல்லாரும் அறிவர். ஆயின், அதே இயல்பைச் சிக்கனத்துக்குத் துணையாகக் கொள்ளலாகாதா? இவ்வினாவை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலறிஞர் சிலர் எழுப்பினர். ஒரு வீட்டின் மின்சாரப் பாவனையை அயல்வீடுகளின் பாவனையோடு ஒப்பிட்டுக் காட்டினால் அவ்வீட்டார் சிக்கனம் பயில்வரோ எனப் பரிசோதித்தும் பார்த்தனர். அப்பரிசோதனைகள் காட்டிய உண்மைகளும், அவை இலங்கையின் ஒரு சிற்றூர்க்கு எத்துணைப் பொருந்தும் என்பதும் ஈண்டு ஆராயற்பாலன. அச்சிற்றூராகக் கலேவெலவை எடுத்துக்கொள்வோம்.

கலேவெல மாத்தளை மாவட்டத்திலே, குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்தது. சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் அப்பகுதி, தேவஹுவக் குளத்தையும் வேறு பல சிறு குளங்களையும் நம்பிப் பயிர்செய்யும் பகுதியாகும். குளத்து நீர் முழு வயற்பரப்புக்கும் போதாத போகத்தில், வயலின் ஒரு பகுதியை மட்டும் விதைப்பதென்றும், அப்பகுதியைப் பங்காளர் யாவரும் தத்தம் உரிமைக்கேற்பப் பிரித்துக்கொள்வதென்றும் முடிவு செய்யும் வழக்கம் உலர்வலயக் கிராமங்களில் தொன்றுதொட்டு உண்டு. சிங்களத்தில் இதனைப் ‘பெத்ம’ என்பர். இவ்வழக்கம் நிலைபெற்றமைக்குச் சட்டம் மட்டும் காரணமன்று. நீர் கண்ணுக்குப் புலப்படும் பொருள். ஒருவன் இரவிலே வரம்பை வெட்டித் தன் வயலுக்கு நீரைத் திருப்புவானாயின், காலையில் ஊரே அதனைக் காணும். தன் பங்கு எவ்வளவு, பிறர் பங்கு எவ்வளவு என்பது வாய்க்காற் கரையில் நிற்கும் யாவர்க்கும் தெரியும்.

மின்சாரமோ அத்தகையதன்று. அது கண்ணுக்குத் தெரியாது கம்பிவழி வருகின்றது. மானியிலே இலக்கமாகப் பதிகின்றது. மாத முடிவிலே பணமாக மாறிப் பட்டியலில் தோன்றுகின்றது. ‘இம்மாதம் 96 அலகுகள்’ என்று பட்டியல் கூறினால், அது மிகுதியா குறைவா என்று வீட்டார் அறியார். சென்ற மாதத்தோடு ஒப்பிடலாம். ஆனால் சென்ற மாதப் பாவனையே மிகையாயிருந்தால் அவ்வொப்பீட்டாற் பயன் என்னை? இவ்வாறு அளவறியும் கருவி இல்லாதவிடத்து மக்கள் என்செய்வர் என்பதை 1954ஆம் ஆண்டில் லியோன் பெஸ்ரிங்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஒரு கொள்கையாக வகுத்தார். புறநிலையான அளவுகோல் கிடைக்காதபோது மனிதன் தன்னையொத்த பிறரோடு தன்னை ஒப்பிட்டே தன் நிலையை மதிக்கின்றான் என்பது அக்கொள்கையின் சாரம். ‘தன்னையொத்த’ என்னும் சொல் இங்கு முக்கியமானது. குடிசைவாசி தன்னை மாளிகைவாசியோடு ஒப்பிடுவதில்லை. அடுத்த குடிசையோடே ஒப்பிடுகின்றான்.

மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வேண்டிய தேவை மாத்தளை மாவட்டத்தார்க்குப் பிறரினும் தெளிவாக விளங்கக்கூடியது. 1976ஆம் ஆண்டு தொடக்கம் மகாவலி நீர் பொல்கொல்லவில் மறிக்கப்பட்டு, சுரங்கவழியாக உக்குவெல மின்நிலையத்துக்கு வந்து, அங்குச் சுழலிகளை இயக்கியபின் சுது கங்கை வழியாக அம்பன் கங்கையைச் சேருகின்றது. பின்னர் போவதென்ன நீர்த்தேக்கத்தில் அது தங்குகின்றது. அவ்விடத்தில் நீர்க்கு இரு வழிகள் உள. ஒன்று வடக்கே வயல்களை நோக்கிச் செல்வது. மற்றொன்று மின்நிலையத்தை இயக்கி மீண்டும் அம்பன் கங்கையில் வீழ்வது. மின்சாரத்துக்கு விடப்படும் நீர் வடக்கு வயல்களைச் சேராது. அவ்வயல்களுக்கு விடப்படும் நீர் அந்நிலையத்தை இயக்காது. ஆகவே, தேவையின்றி எரியும் ஒரு மின்விளக்குக்கும் வாடும் ஒரு வயலுக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் அலங்காரக் கூற்றன்று.

நாட்டின் மின்தேவை மாலை 6.30 மணிக்கும் இரவு 10.30 மணிக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே உச்சநிலை அடைகின்றது. அவ்வேளையில் நீர்மின்சாரம் போதாதவிடத்து, வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கும் எண்ணெயும் நிலக்கரியுமே துணை. வாங்குதற்கு அந்நியச் செலாவணி இல்லாத காலத்து நேர்வது யாதென 2022ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. பின்னர் 2022 ஓகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமளவிலும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 வீதமளவிலும் கட்டணம் உயர்த்தப்பட்டது. அதன்பின் அது சிலமுறை குறைக்கப்பட்டும் கூட்டப்பட்டும் வந்துள்ளது. கட்டணம் செலுத்த இயலாமையால் நாட்டின் பல இல்லங்களில் மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டமை எவரும் மறக்கற்பாலதன்று.

சிக்கனத்தை வளர்க்க அரசுகள் கையாளும் வழிகள் பெரும்பாலும் இரண்டே: கட்டணத்தை உயர்த்துதல், அறிவுரை கூறுதல். முன்னது பலன் தரும். ஆனால் ஏழையையே முதலில் தாக்கும். பின்னது எவரையும் தாக்காது; பெரும்பாலும் பலனும் தராது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டோ என்பதே அயல்வீட்டு ஒப்பீட்டை ஆராய்ந்தோர் தேடியது.

அமெரிக்காவின் கலிபோணியா மாகாணத்துச் சான் மார்க்கோஸ் என்னும் நகரில் 290 இல்லங்களிலே இப்பரிசோதனை நடைபெற்றது. வெஸ்லி ஷூல்ட்ஸ், ஜெசிக்கா நோலான், ரொபேட் சியால்டினி முதலியோர் அதன் முடிவுகளை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் முதலில் வீடுகளின் மானிகளை வாசித்து வழக்கமான பாவனையை அறிந்துகொண்டனர். பின்னர் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டனர். அவ்வீட்டார் பாவித்த மின்சாரம் எவ்வளவு, அயலிலுள்ள வீடுகளின் சராசரி எவ்வளவு என்பன அதில் குறிக்கப்பட்டிருந்தன. வேறு அச்சுறுத்தலோ பரிசோ இல்லை.

விளைவு இருவகையாயிற்று. சராசரிக்கு மேற் பாவித்தோர் நாளொன்றுக்கு 1.22 அலகு குறைத்தனர். இஃது எதிர்பார்க்கப்பட்டதே. ஆனால் சராசரிக்குக் கீழ்ப் பாவித்தோர் நாளொன்றுக்கு 0.89 அலகு கூட்டினர். தாம் பிறரினும் குறைவாகவே செலவிடுகின்றோம் என அறிந்ததும், ‘எமக்கென்ன குறை’ என்று அவர்கள் கை தளர்ந்தது. சராசரி என்பது காந்தம் போன்றது. மேலிருப்பவனைக் கீழே இழுப்பது போலவே கீழிருப்பவனை மேலேயும் இழுக்கின்றது. சிக்கனத்துக்கென எழுதிய அட்டையே சிக்கனக்காரனைக் கெடுத்தது.

இக்கேட்டுக்கு மருந்தும் அவர்களே கண்டனர். சில வீடுகளின் அட்டையில், இலக்கங்களோடு ஒரு சிறு முகத்தையும் வரைந்தனர். சராசரிக்குக் கீழ்ப் பாவித்தோர்க்குச் சிரித்த முகம். மேற் பாவித்தோர்க்கு வாடிய முகம். சிரித்த முகத்தைப் பெற்றோர் தம் பாவனையைக் கூட்டவில்லை. முன்னிருந்த குறைந்த அளவிலேயே நின்றனர். ‘பிறர் இவ்வாறு செய்கின்றனர்’ என்னும் செய்தி ஒன்று. ‘நீர் செய்வது நன்று’ என்னும் பாராட்டு மற்றொன்று. முன்னது மட்டும் போதாது; பின்னதும் சேர்ந்தபோதே அறிவிப்பு அறமாகின்றது. மாணாக்கரின் புள்ளிகளை வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டும் ஆசிரியர் எவர்க்கும் இவ்வுண்மை புதியதன்று.

இதே அறிஞர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. சில வீட்டார்க்குச் சூழலைக் காக்குமாறும், சிலர்க்குச் சமூகத்துக்கு உதவுமாறும், சிலர்க்குப் பணத்தை மிச்சப்படுத்துமாறும் எழுதினர். வேறு சிலர்க்கு, அயலாருட் பெரும்பாலோர் குளிரூட்டியை நிறுத்தி மின்விசிறியைப் பாவிக்கின்றனர் என்று மட்டும் எழுதினர். அயலாரைக் குறித்த செய்தியே பாவனையை அதிகமாகக் குறைத்தது. ஆனால் அச்செய்தியைப் பெற்ற வீட்டாரோ, அது தம்மைத் தூண்டியதாகக் கருதவில்லை. மனிதன் தன் செயலுக்குத் தான் கூறும் காரணமும் அதன் மெய்க்காரணமும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

பரிசோதனை பின்னர் வணிகமாயிற்று. 2007ஆம் ஆண்டில் டான் யேற்ஸ், அலெக்ஸ் லாஸ்கி என்னும் இருவர் ஒபவர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். மின் வழங்கும் நிறுவனங்களின் சார்பில் இல்லங்களுக்கு ஒப்பீட்டு அறிக்கைகளை அனுப்புவதே அதன் தொழில். 2008ஆம் ஆண்டில் கலிபோணியாவின் சக்கிரமென்ரோ நகரில் 35,000 இல்லங்களுக்கு அவ்வறிக்கைகள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ அதே அளவான வீடுகளை அயலிலிருந்து தெரிந்தெடுத்து அவற்றோடு ஒப்பிட்டனர். அவற்றுள் மிகச் சிக்கனமானவற்றின் அளவையும் தனியே காட்டினர். தொடக்கத்தில் மிகையாகப் பாவித்தோர்க்கு வாடிய முகம் அச்சிடப்பட்டது. சிலர் அதனால் மனம் புண்பட்டனர். எனவே அது கைவிடப்பட்டது. சிரித்த முகம் மட்டும் நிலைத்தது.

இத்தகைய அறிக்கைகளின் பயனை ஹன்ற் ஒல்கொட் என்னும் பொருளியலறிஞர் ஏறத்தாழ 6 இலட்சம் இல்லங்களின் கணக்கைக்கொண்டு ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டார். சராசரியாக நூற்றுக்கு 2 வீதம் மின்பாவனை குறைந்திருந்தது. மிக அதிகமாகப் பாவித்துவந்த பத்திலொரு பகுதியினர் 6.3 வீதம் குறைத்தனர். மிகக் குறைவாகப் பாவித்த பத்திலொரு பகுதியினரிடமோ 0.3 வீதமே குறைவு காணப்பட்டது. இரண்டு வீதம் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் கட்டணத்தை உயர்த்தி உடனடியாக அதே பயனைப் பெறவேண்டுமாயின் 11 முதல் 20 வீதம் வரை உயர்த்தவேண்டியிருக்கும் என அவர் கணித்தார். ஒரு தாளுக்கு இவ்வளவு ஆற்றல் உண்டென்பது வியப்பன்றோ? அவரும் ரொட் றொஜேர்ஸ் என்பாரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டாண்டுகள் தொடர்ந்து அறிக்கை பெற்ற இல்லங்களில், அதனை நிறுத்தியபின் அப்பயன் ஆண்டொன்றுக்கு 10 முதல் 20 வீதம் வரையே தேய்ந்தது. அஃதாவது, பழக்கம் ஓரளவு ஊன்றிவிட்டது.

இந்தியாவிலும் இம்முறை பரிசோதிக்கப்பட்டுள்ளது. டில்லித் தலைநகர்ப் பகுதியில் அடுக்குமாடி இல்லங்களில் வாழ்வோர்க்கு வாரந்தோறும் ஒப்பீட்டு அறிக்கை அளித்து அனந்த் சுதர்சன் என்பவர் ஆராய்ந்தார். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி கோடைகாலப் பாவனை 7 வீதம் குறைந்தது. ஆனால் அதே அறிக்கையுடன், சிக்கனத்துக்குப் பணப்பயனும் சேர்த்து அளிக்கப்பட்ட இல்லங்களில் அக்குறைவு காணப்படவில்லை. பணக்கணக்குப் புகுந்தவிடத்து, ‘இது தக்கதா தகாததா’ என்னும் எண்ணம் ஒதுங்கி, ‘இது இலாபமா நட்டமா’ என்னும் எண்ணமே மேலோங்குகின்றது என இதற்குப் பொருள் கூறலாம்.

இனி, இம்முறையைக் கலேவெலவுக்குக் கொண்டுவரின் எவ்வாறிருக்கும்? இங்கே எச்சரிக்கை வேண்டும். ஒல்கொட் ஆராய்ந்த அமெரிக்க இல்லம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 அலகு பாவித்தது. மாதம் 60 அலகு பாவிக்கும் ஓர் இலங்கை இல்லத்துக்கு நாளொன்றுக்கு 2 அலகே கணக்கு. அமெரிக்க இல்லம் 2 வீதம் குறைத்தால் 0.6 அலகு மிச்சம். இங்குள்ள இல்லம் அதே வீதத்தைக் குறைத்தால் மிச்சமாவது 0.04 அலகு, அஃதாவது 40 வாற்று மின்குமிழ் ஒன்றை ஒரு மணி நேரம் அணைத்தற்குச் சமம். சான் மார்க்கோஸில் மிகையாகப் பாவித்தோர் நாளொன்றுக்குக் குறைத்த 1.22 அலகு, இவ்வில்லத்தின் ஒருநாட் பாவனையில் பாதிக்கும் மேலாகும். சில மின்குமிழ்களும் ஒரு மின்விசிறியும் தொலைக்காட்சியும் மட்டும் உள்ள வீட்டில் எதனைக் குறைப்பது?

சராசரியிலும் ஒரு பொறி மறைந்துள்ளது. ஓர் ஒழுங்கையிலே பத்து வீடுகள் உள்ளனவெனக் கருதுக. அவற்றின் மாதப் பாவனை முறையே 34, 41, 45, 52, 58, 60, 63, 70, 88, 149 அலகுகள் எனக் கொள்க. கூட்டுத்தொகை 660, சராசரி 66. பத்து வீடுகளில் ஏழு வீடுகள் சராசரிக்குக் கீழுள்ளன. ஒரே ஒரு வீட்டின் 149 அலகுகளே சராசரியை உயர்த்திவிட்டன. இந்நிலையில் 66 என்னும் இலக்கத்தை எல்லார்க்கும் அறிவித்தால், ஏழு வீட்டாரும் தமக்கு இன்னும் இடமுண்டு என எண்ணக்கூடும். ஒவ்வொருவரும் 3 அலகு கூட்டினால் 21 அலகு மிகும். பெரிய வீட்டார் பத்து வீதம் குறைத்தாலும் குறைவது 15 அலகே. முடிவில் அவ்வொழுங்கையின் பாவனை 6 அலகு கூடிவிடும். அன்றியும், மாதம் 60 அலகு எல்லையைக் கடக்கும் இல்லத்துக்குக் கட்டண வீதமே மாறுவது இந்நாட்டு முறை. 58 அலகும் 60 அலகும் பாவித்த இரு வீடுகளும் அம்மூன்று அலகுகளால் எல்லையைக் கடந்து, பட்டியலைக் கண்டு திகைக்கும். நன்மை கருதிச் சொன்ன இலக்கம் சிறு குடும்பத்துக்குக் கடனாக முடியும்.

ஆதலின், இங்கே ஒப்பீடு செய்வோர் சில விதிகளைப் பேணல் வேண்டும். முதலாவது, சராசரிக்குப் பதிலாக இடையத்தைக் கொள்ளுதல் நன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இடையம் 59. பெரிய வீடு அதனை அசைக்க இயலாது. இரண்டாவது, ஒத்த வீடுகளையே ஒப்பிடவேண்டும். இருவர் வாழும் வீட்டையும் எழுவர் வாழும் வீட்டையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. கிணற்று நீரை மோட்டரால் இறைக்கும் வீடும் குழாய்நீர் பெறும் வீடும், முன்னறையிலே சிறு கடை நடத்தும் வீடும் வெறும் குடியிருப்பும் வேறு வேறானவை. மூன்றாவது, எந்த வீடு எவ்வளவு பாவித்தது எனப் பெயர் சுட்டி வெளியிடலாகாது. ஒருவர் தம் அளவையும் ஊரின் அளவையும் மட்டும் அறிந்தாற் போதும். பெயர் வெளிப்பட்டவிடத்து ஒப்பீடு அழுக்காறாக மாறும். மூவினத்தார் கூடிவாழும் ஊரிலே அதனினும் கொடிய பேச்சுகளுக்கும் வித்தாகும்.

நான்காவது விதியே எல்லாவற்றினும் மேலானது. சிக்கனம் வேறு, இல்லாமை வேறு. 34 அலகு பாவிக்கும் வீட்டார் எல்லாரும் சிக்கனக்காரர் அல்லர். சோறு சமைக்கும் மின்கலம் வாங்க இயலாது, விறகுப்புகையிலே கண்கலங்கும் தாய் அவ்வீட்டில் இருக்கலாம். பட்டியலுக்கு அஞ்சி, படிக்கும் பிள்ளையின் விளக்கை ஒன்பது மணிக்கே அணைக்கும் தந்தை இருக்கலாம். மானி இவ்வேறுபாட்டை அறியாது. அது இலக்கத்தையே காட்டும். அத்தகைய வீட்டுக்குச் ‘சிறந்த சிக்கனம்’ என்று சிரித்த முகம் வரைந்து அனுப்புதல் கொடுமையாகும். எனவே, ஒப்பீட்டின் நோக்கம் மாதம் 120, 150 அலகு பாவிக்கும் இல்லங்களின் மிகையைக் குறைப்பதாயிருத்தல் வேண்டும். கீழிருப்போரை மேலும் ஒடுக்குவதாயிருத்தலாகாது. ஒல்கொட்டின் கணக்கும் இதற்கே சார்பானது. பயனிற் பெரும்பகுதி மிகையாகப் பாவித்தோரிடமிருந்தே வந்தது.

இம்முறையை எதிர்ப்போரும் உளர். ஒருவரைப் பிறரோடு ஒப்பிட்டு நெருக்குதல் முறையன்று என்பர் சிலர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஒல்கொட்டும் ஜட் கெஸ்லரும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இவ்வறிக்கைகளை விரும்பிப் பெற்றோர் பலர் எனினும், அவற்றைப் பெறாதிருத்தற்கே பணம் கொடுக்க விரும்பியோரும் சிலர் இருந்தமை தெரியவந்தது. ஆகவே வேண்டாதவர் விலகிக்கொள்ள வழியிருத்தல் வேண்டும். பெருந்தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் வீணாக்குவதை விடுத்து வீட்டாரை மட்டும் நோக்குவதேன் என்பார் வேறு சிலர். ஒப்பீடு வீட்டோடு நிற்கவேண்டுமென்று விதியில்லை. ஒரு பாடசாலையை மற்றொரு பாடசாலையோடும், ஓர் அலுவலகத்தை மற்றொன்றோடும் ஒப்பிடுதலும் ஆகும்.

தொடக்கத்தைப் பாடசாலையிலேயே செய்யலாம். ஒரு வகுப்பு மாணவர் ஒரு வாரம் தத்தம் வீட்டு மானியை மாலை 6.30 மணிக்கும் இரவு 10.30 மணிக்கும் வாசித்து, இரண்டாவது இலக்கத்திலிருந்து முதலாவதைக் கழிப்பாராயின், உச்சநேரப் பாவனை கிடைக்கும். அதனை வீட்டிலுள்ளோர் தொகையால் வகுத்து, பெயரெழுதாத துண்டில் ஆசிரியரிடம் கொடுக்கலாம். ஆசிரியர் இடையத்தைக் கணித்துக் கரும்பலகையில் எழுதுவார். எவர் மிகை, எவர் குறைவு என்பதை அவரவரே அறிந்துகொள்வர். பின்னர், ஆடைகளுக்கு அழுத்துதல், நீர் இறைத்தல் முதலிய வேலைகளை அந்நான்கு மணி நேரத்துக்கு அப்பால் மாற்ற இயலுமா என்று வீட்டிலே பேசலாம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் 60 வாற்றுப் பழைய மின்குமிழ் 30 நாளில் 9 அலகு கொள்ளும். அதற்கீடாக 9 வாற்று எல்.இ.டி. மின்குமிழ் 1.35 அலகே கொள்ளும். இக்கணக்கை மாணவன் தானே செய்து தந்தைக்குக் காட்டுவானாயின், எந்த அச்சிட்ட அறிக்கையும் அதற்கு ஈடாகாது. கணித பாடத்திலுள்ள இடையமும் விஞ்ஞான பாடத்திலுள்ள வலுவும் வீட்டு வாழ்வோடு இணையும் இடமும் இதுவே.

வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அயலானை நோக்கும் பார்வை இரண்டு வழிகளிலும் செல்லக்கூடும். அவன் உடைமையை நோக்கினால் அழுக்காறு. அவனோடு தனக்குரிய பொதுக்கடமையை நோக்கினால் ஒப்புரவு. ‘பெத்ம’ முறையிலே வயலைப் பங்கிட்ட உழவன் பிறன் பங்கை அறிந்திருந்தான். அவ்வறிவு பறிப்பதற்கன்று, அளவோடு எடுப்பதற்குப் பயன்பட்டது. போவதென்ன நீர்த்தேக்கத்திலே தேங்கும் நீரும் அத்தகைய பொதுச்சொத்தே. அது கம்பிவழி வருவதனால் பங்கு மறைந்துவிட்டது, அவ்வளவே. மறைந்த பங்கை மீண்டும் காட்டுவதே அயல்வீட்டு ஒப்பீட்டின் பணி. நீதியறிந்து காட்டினால் அது பெரியவன் கையை ஒடுக்கும். சிறியவன் விளக்கை அணைக்காது.